வ-ந-க என்பது வணக்கமா? கிரேக்கத்தில் அரசனைக் குறித்த சொற்கள்

பொருநைக்கரை, ஜனவரி 11, இரவு 9.10

கிரேக்க நாட்டில் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளில் அரசனைக் குறிக்கும் சொல் 'வ-ந-க' என்று மூன்றே எழுத்தில் இருக்கிறது. கி.மு. 1200 வாக்கில் எழுதியவை. அரசனைக் கண்டால் வணங்குவோம். வணக்கத்துக்கு உரியவன் 'வணக'. ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. இதைத் தமிழ்ச் சொல் என்று ஏன் யாரும் சொல்வதில்லை? 'துரன்னோஸ்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது நம் 'துரை'தானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எழுத்தாணி, ஜனவரி 11, இரவு 10.25

மூன்று எழுத்து இருப்பது உண்மை. அதை எழுதியபடியே வாசிப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

அந்த எழுத்துமுறையின் பெயர் லீனியர் பி. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அதை வாசித்து, அதில் இருப்பது கிரேக்க மொழி என்று காட்டினார். ஒவ்வொரு குறியும் ஓர் உயிர், அல்லது மெய்யும் உயிரும் சேர்ந்த ஓர் அசை. மெய்யைத் தனியே எழுத வழியே கிடையாது. புள்ளி இடாத ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும்: 'க' என்று இருக்கும், அது க-வா, க்-கா என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பைலோஸ் கணக்கர்கள் பின்பற்றிய வழக்கம் இது. சொல்லின் இறுதியில் வரும் ஸ், ந், ர் எழுதப்படுவதில்லை. இரண்டு மெய் சேர்ந்து வந்தால், இடையில் ஓர் உயிரைக் கடன் வாங்கி எழுதுவார்கள். ஆகவே 'வனக்ஸ்' என்ற சொல்லை எழுத: வ, ந, பிறகு 'க்'குக்காக ஒரு க. அந்தக் க-வில் உள்ள அகரம் முன் அசையிலிருந்து வந்த வெற்று உயிர், வாயில் ஒலிக்காதது. ஸ் விடுபட்டுவிட்டது.

இதை ஊகம் என்று நினைக்க வேண்டாம். வேற்றுமை உருபு ஏறியதும் உண்மை வெளியே வந்துவிடும். 'அரசனுக்கு' என்பதை வ-ந-க-தெ என்று எழுதியிருக்கிறார்கள். 'அரசனுக்குரிய' என்ற பெயரடை வ-ந-க-தெ-ரொ. இரண்டிலும் ஒரு தகரம் தலைகாட்டுகிறது. அப்படியானால் பகுதி 'வனக்த்-'. எழுவாயில் க், த், ஸ் மூன்றும் நெருங்கி, தகரம் கெட்டு 'வனக்ஸ்' ஆகிறது. உங்கள் 'வணக' என்ற சொல் வாயால் ஒருபோதும் ஒலிக்கப்பட்டதே இல்லை.

தமிழ்ப் பக்கமும் பாருங்கள். வணங்கு → வணக்கம். முழங்கு → முழக்கம், அடங்கு → அடக்கம் போல. 'வணக்-' என்பதில் வரும் ககர இரட்டிப்பு தொழிற்பெயர் ஆக்கும்போது தமிழ் இலக்கணத்தால் பிறந்தது. அந்தப் பக்கத்து க வெறும் எழுத்து வழக்கம், இந்தப் பக்கத்து க்க இலக்கண விளைவு. இரண்டையும் ஒட்டவைக்க இடமே இல்லை.

பொருநைக்கரை, ஜனவரி 12, காலை 7.40

தகரம் வருவதைக் கவனிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வனக்ஸ் அரசன்தான் என்று எப்படித் தெரியும்? பலகையில் 'இவன் அரசன்' என்றா எழுதியிருக்கிறது?

எழுத்தாணி, ஜனவரி 12, காலை 8.15

எழுதியிருக்காது. எல்லாம் கணக்குப் பலகைகள். எவ்வளவு நிலம், எவ்வளவு எண்ணெய், எத்தனை ஆள் என்பதுதான் இருக்கும். அரண்மனை எரிந்தபோது பச்சைக் களிமண் சுட்ட ஓடாகிவிட்டது, அதனால்தான் நமக்குக் கிடைத்தது. எரியாமல் இருந்திருந்தால் தண்ணீரில் குழைத்து மறுபடியும் எழுதப் பயன்படுத்தியிருப்பார்கள்.

பைலோஸின் Er 312 என்ற எண்ணுள்ள பலகை இதற்கு நல்ல சான்று. சுருக்கமாக அதில் இருப்பது:

வனக்ஸுக்குரிய தெமெனொஸ், இவ்வளவு விதை: கோதுமை 30
லவாகெதாஸுக்குரிய தெமெனொஸ், இவ்வளவு விதை: கோதுமை 10
தெலெஸ்தாக்களின் நிலம், இவ்வளவு விதை: கோதுமை 30, ஆட்கள் 3

இதற்குக் கீழே 6 அளவுள்ள இன்னொரு நிலமும் வருகிறது.

'தெமெனொஸ்' என்றால் பொதுநிலத்திலிருந்து வெட்டிப் பிரித்து ஒருவருக்கென ஒதுக்கிய நிலம். இந்தப் பலகையில் அது இரண்டே பேருக்குத்தான் உண்டு: வனக்ஸ், லவாகெதாஸ். 'லவாகெதாஸ்' என்றால் சொல்லளவில் மக்களை, படையை நடத்துபவன். 'தெலெஸ்தா' என்பது நிலம் வைத்திருந்த ஒரு வகைப் பதவியாளர். மூன்று தெலெஸ்தாக்களுக்கும் சேர்த்து 30, ஆளுக்குப் 10. ஆக லவாகெதாஸுக்கும் ஒரு தெலெஸ்தாவுக்கும் ஒரே அளவு. வனக்ஸுக்கு மட்டும் மும்மடங்கு. மேலே ஒருவன், அவன் வனக்ஸ்.

இன்னொரு பலகை, Ta 711, ஒரு சரக்குப் பட்டியலின் தலைப்பு: வனக்ஸ் ஒருவனை 'தமொகொரொ' என்ற பதவியில் வைத்தபோது கண்ட பொருள்கள் என்று தொடங்குகிறது. ஆளை நியமிக்கும் அதிகாரம் அவனிடம் இருந்திருக்கிறது. தவிர வண்ணான், குயவன், கவசம் செய்பவன் என்று சில தொழிலாளர்களுக்கு 'வனக்ஸுக்குரிய' என்ற அடைமொழி வருகிறது, அரண்மனை வண்ணான் என்கிற மாதிரி.

நாஞ்சில்வயல், ஜனவரி 12, மதியம் 1.05

'இவ்வளவு விதை' என்று நிலத்தை அளந்திருப்பது எங்கள் பக்கத்துக் கோட்டை விதைப்பாடு மாதிரியே இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் 'ஒரு கோட்டை விதைப்பாடு', 'மூணு மரக்கால் விதைப்பாடு' என்றுதான் வயலைச் சொல்வோம். சென்ட், ஏக்கர் பின்னால் வந்தது. அந்த 30 என்பது எவ்வளவு?

எழுத்தாணி, ஜனவரி 12, மாலை 6.30

அதே முறைதான். நிலத்தின் பரப்பைச் சொல்லாமல், விதைக்க வேண்டிய தானியத்தைச் சொல்வது. பெரிய அளவை ஒன்றுக்கு 10 சிறு அளவை, அதில் ஒவ்வொன்றும் 6, அதற்கும் கீழே 4 என்று பிரிவு போகிறது. பெரிய அளவை ஏறத்தாழ 96 லிட்டர் என்று இப்போது பலர் கணக்கிடுகிறார்கள். முன்பு 120 லிட்டர் என்றார்கள். 96 என்று வைத்தால் வனக்ஸின் நிலத்துக்கு 2,880 லிட்டர் கோதுமை விதை. ஆனால் இதை ஏக்கராக மாற்றாதீர்கள். மண்ணுக்கு மண், ஊருக்கு ஊர் விதைப்பு அடர்த்தி மாறும் என்பது உங்களுக்கே தெரியும். விகிதத்தை மட்டும் நம்பலாம்: 30, 10, 10.

சுவடி, ஜனவரி 12, இரவு 9.50

நான் படித்த வரையில் கிரேக்கத்தில் அரசன் என்றால் 'பசிலெயுஸ்'. வனக்ஸ் என்று எந்த வரலாற்று நூலிலும் அரசனுக்குப் பட்டம் பார்த்ததில்லை. இரண்டும் ஒன்றா?

எழுத்தாணி, ஜனவரி 13, காலை 6.50

இந்த இழையின் சாரமே இந்தக் கேள்விதான். இரண்டும் ஒன்று இல்லை. அதே பைலோஸ் பலகைகளில் பசிலெயுஸும் இருக்கிறான், வேறு இடத்தில்.

அங்கே அவன் பெயர் 'க்வ-சி-ரெ-உ' என்று எழுதப்பட்டிருக்கும். இதைப் பசிலெயுஸ் என்று எப்படி வாசிப்பது? இரண்டு விஷயம். ஒன்று, லீனியர் பியில் ல, ர இரண்டுக்கும் ஒரே வரிசைக் குறிகள். 'ரெ'யை 'லெ' என்றும் வாசிக்கலாம். இரண்டு, க்வ என்று நான் எழுதியது உதடு குவித்து ஒலிக்கும் ககரம். அது பிற்காலக் கிரேக்கத்தில், அகரத்துக்கும் ஒகரத்துக்கும் முன்னால் பகரமாகிவிட்டது. இதே மாற்றம் மாட்டுக்காரனைக் குறிக்கும் சொல்லிலும் உண்டு: பலகையில் க்வொ-உ-கொ-ரொ, பிறகு 'பூகொலொஸ்'. தனியாக ஒரு சொல்லுக்கு மட்டும் விதி வகுத்தால் சந்தேகப்படலாம்; வரிசையாகப் பல சொல்லுக்குப் பொருந்தினால்தான் அது விதி.

க, க்ஹ போன்ற ஒலிகளின் வேறுபாட்டையும் இந்த எழுத்து காட்டாது, நம் க போல. ஆனால் தகர விஷயத்தில் தமிழைவிட ஒரு படி மேல்: தகரத்துக்கும் அதன் அதிர்வொலிக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு.

சரி, அவன் எங்கே வருகிறான்? பெரும்பாலும் Jn வரிசைப் பலகைகளில். அவை வெண்கலம் வார்க்கும் கன்னார்களுக்கு உலோகம் நிறுத்துக்கொடுத்த கணக்கு. ஊர்ப் பெயர், பிறகு கன்னார் பெயர், பக்கத்தில் எடை. Jn 310இல் வரிசையாகப் பலருக்கு M 1 N 2 என்று இருக்கிறது. M ஏறத்தாழ ஒரு கிலோ, N அதில் கால். ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. உலோகம் கிடைக்காத கன்னார்களையும் தனியே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பலகைகள் சிலவற்றில், கன்னார்களோடு சேர்ந்து ஒருவன் பெயர், பக்கத்தில் க்வசிலெயுஸ்.

ஆகவே வனக்ஸ் அரசன். பசிலெயுஸ் கன்னார் பட்டறை மேஸ்திரி.

எழுத்தாணி, ஜனவரி 13, இரவு 10.05

காலையில் எழுதியதைத் திருத்த வேண்டும். 'மேஸ்திரி' என்று சொன்னது குறுக்கிவிட்டது. 'க்வசிலெவியா' என்று ஒரு சொல் வேறு பலகைகளில் வருகிறது: பசிலெயுஸின் கீழ் இருக்கும் கூட்டம், அல்லது அவன் ஆளுகை. கன்னாரோடு தொடர்பு இல்லாத இடத்திலும் அது உண்டு. மேலும் ஒரு பசிலெயுஸின் பெயரே, மூத்தோர் குழு என்று பலர் வாசிக்கும் 'கெரொசியா' பட்டியலிலும் தலைவன் பெயராக வருகிறது. ஊர்த்தலைவன், குழுத்தலைவன் என்பது பொருத்தமான பொருள். அரண்மனை அவனோடு கணக்கு வைத்துக்கொண்டது வெண்கலத்துக்காக. அதனால் நம் கண்ணுக்கு அவன் பட்டறைக்காரனாகத் தெரிகிறான். கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்து ஒரு மனிதனை அளக்கும்போது வரும் பிழை இது.

வனக்ஸ் ஒருவன், பசிலெயுஸ்கள் பலர் என்பது மட்டும் மாறவில்லை.

சுவடி, ஜனவரி 14, காலை 9.20

பிறகு ஊர்த்தலைவன் எப்படி அரசனானான்?

எழுத்தாணி, ஜனவரி 14, காலை 11.40

அரண்மனை எரிந்தது. கி.மு. 1200ஐ ஒட்டிப் பைலோஸ், மைசீனி, திரின்ஸ் எல்லாம் வீழ்ந்தன. கணக்கர்கள் போனார்கள், எழுத்தே போயிற்று. வனக்ஸ் இருந்தது அரண்மனையால். அரண்மனை இல்லையென்றால் அவனுக்கு நிலம் ஒதுக்குவோர் இல்லை, எண்ணெய் அளப்போர் இல்லை. ஊர்த்தலைவனுக்கு அப்படி இல்லை. ஊர் இருக்கும்வரை அவன் இருப்பான். மேல்மாடி சரிந்தபின் கீழ்த்தளத்தில் இருந்தவன்தான் வீட்டிலேயே உயரமானவன். இவ்வளவுதான் நடந்தது என்பது என் துணிபு.

இதற்கான தடம் இலியட், ஒடிசி காவியங்களின் கவி ஹோமரிடம் இருக்கிறது. ஒடிசியில் ஃபையாக்கியர் நாட்டில் 12 பசிலெயுஸ்கள், அவர்கள் தலைவன் அல்கினூஸ் தன்னைப் பதின்மூன்றாமவன் என்கிறான். இத்தாக்கா என்ற சிறு தீவிலேயே பசிலெயுஸ்கள் பலர் என்று ஒடிசியஸின் மகன் தெலெமாக்கஸ் சொல்கிறான். 'அரசன்' என்று மொழிபெயர்த்தால் இந்த வரிகள் விளங்கவே விளங்காது. இன்னும் ஒன்று: பசிலெயுஸ் என்ற சொல்லுக்கு ஹோமர் ஏற்ற இறக்கம் காட்டுகிறார். இலியட் 9ஆம் காண்டத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான், தான் அகிலிஸைவிட 'பசிலெயுதெரொஸ்', அதாவது கூடுதல் பசிலெயுஸ், ஆகவே அவன் பணிய வேண்டும் என்கிறான். அதே காண்டத்தில் நெஸ்டர் அவனை 'எல்லோரிலும் மிகுந்த பசிலெயுஸ்' என்கிறான். வனக்ஸுக்கு இப்படி ஒப்பீட்டு வடிவமே கிடையாது. படிநிலை உள்ளதற்குத்தான் கூடுதல் குறைவு சொல்ல முடியும்.

கி.மு. 700 வாக்கில் ஹெசியட் என்ற கவிஞர் தன் சகோதரனோடு வந்த சொத்துத் தகராறில் தீர்ப்புச் சொன்ன பசிலெயுஸ்களைத் திட்டுகிறார். அவர் தரும் அடைமொழி 'தோரொஃபகொய்', பரிசு தின்கிறவர்கள். பன்மையில் திட்டுகிறார். ஓர் ஊரில் பல பேர், பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள்.

பொருநைக்கரை, ஜனவரி 14, மாலை 4.00

ஹோமரில் 'அனக்ஸ்' என்றுதானே வருகிறது? வகரம் எங்கே போயிற்று? பலகையில் உள்ளதும் அதுவும் ஒரே சொல் என்பதற்கு என்ன சான்று?

எழுத்தாணி, ஜனவரி 14, இரவு 8.45

வகரம் அயோனியக் கிளைமொழியில் உதிர்ந்துவிட்டது. ஆனால் செய்யுளில் அது இருந்த இடம் காலியாக நிற்கிறது. இலியட் முதல் காண்டம், ஏழாம் வரி:

அத்ரெயிதேஸ் தெ அனக்ஸ் அந்த்ரோன் கய் தியொஸ் அகில்லெயுஸ்

'தெ அனக்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். குற்றுயிர் முன் உயிர் வந்தால், கிரேக்கச் செய்யுளில் முதல் உயிர் கெடும். நாகு + அரிது = நாகரிது என்று நமக்குக் குற்றியலுகரம் கெடுவது போல. ஆகவே 'தெ அனக்ஸ்' என்பது 'தனக்ஸ்' ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆக்கிப் பாருங்கள், சீரில் ஒரு குறில் குறைந்து வரி நொண்டும். இந்தச் சொற்றொடர் முதலில் கட்டப்பட்டபோது அங்கே 'தெ வனக்ஸ்' என்று இருந்தது. இடையில் மெய் இருந்ததால் உயிர் கெடவில்லை. பிறகு பாடியவர்கள் வகரத்தைச் சொல்வதை விட்டார்கள், ஓசையை மட்டும் விடவில்லை.

பலகைகளை வாசிப்பதற்கு வெகுகாலம் முன்பே, யாப்பை வைத்து இந்த வகரத்தை அறிஞர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். 1952இல் களிமண்ணிலிருந்து அதே வகரம் எழுந்து வந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த இடம் இது.

இன்னொரு சான்று வேறு மொழியில். துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கம் யசிலிகயா என்ற இடத்தில், பாறை முகப்பில் ஃப்ரிஜிய மொழிக் கல்வெட்டு. அதில் மிதாஸ் அரசனுக்கு இரண்டு பட்டம்: 'மிதாய் லவக்தயெய் வனக்தெய்'. லவாகெதாஸும் வனக்ஸும் பக்கத்தில் பக்கத்தில், நான்காம் வேற்றுமையில். தகரத்தைக் கவனியுங்கள், பொருநைக்கரை. பைலோஸ் எரிந்து சில நூற்றாண்டுகள் கழித்து, கிரேக்கம் அல்லாத மொழியில், பழைய இரண்டு பட்டங்களும் ஜோடியாக நிற்கின்றன.

நாஞ்சில்வயல், ஜனவரி 15, காலை 7.15

அரசர்களுக்குப் பயன்படாமல் போனபிறகு அந்த வனக்ஸ் என்ன ஆனான்?

எழுத்தாணி, ஜனவரி 15, காலை 10.30

சாமியிடம் போனான். அப்பொலோவுக்கு அனக்ஸ், சேயுஸுக்கு அனக்ஸ். கூப்பிடும்போது வரும் 'அனா' என்ற விளி வடிவம் ஹோமரில் தெய்வங்களுக்கு மட்டுமே: 'சேயு அனா'. ஏதென்ஸில் இரட்டைத் தெய்வங்களான தியொஸ்கூரிகளை 'அனகெஸ்' என்றார்கள், கோயில் 'அனகெயொன்'. பைலோஸிலேயே வாசனை எண்ணெய் வழங்கிய Fr வரிசைப் பலகைகளில் 'வனக்ஸுக்கு' என்று வருவது அரசனையா, தெய்வத்தையா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பலகை சொல்வது பெறுபவனின் பெயரும் எண்ணெயின் அளவும் மட்டும்.

வீட்டுத் தலைவனுக்கும் அதே சொல். ஒடிசியில் குப்பைமேட்டில் கிடக்கும் நாய் அர்கொஸுக்கு ஒடிசியஸ் அனக்ஸ்தான்.

ஒரே சொல் அரசன், கடவுள், எசமான் மூன்றுக்கும் எப்படி என்று கேட்காதீர்கள். 'ஆள்' என்ற வினையை எடுங்கள். நாட்டை ஆண்டவன் அரசன், கோயிலில் இருப்பவன் ஆண்டவன், பண்ணையில் 'ஆண்டை'. ஒரே வேர்.

தெமெனொஸ் சொல்லும் இதே பாதையில் போயிற்று. பலகையில் அரசனின் நிலம். பிற்காலக் கிரேக்கத்தில் கோயில் வளாகம்.

சைப்ரஸ் மட்டும் விலக்கு. அங்கே அரசன் பசிலெயுஸ், அவன் மக்கள் ஆண்களானால் 'அனக்தெஸ்', பெண்களானால் 'அனஸ்ஸாய்'. ஏதென்ஸ் சொற்பொழிவாளர் ஐசொக்ரதேஸ், எவகொரஸ் என்ற சைப்ரஸ் அரசனைப் புகழும்போது, அவன் பிள்ளைகள் யாருக்கும் பட்டமில்லாத பெயர் இல்லை என்று இதைத்தான் சொல்கிறார். பழைய உச்சப் பட்டம் இளவரசர் பட்டமாக இறங்கியிருக்கிறது.

சுவடி, ஜனவரி 16, காலை 8.00

துரன்னோஸ் கேள்வி அப்படியே நிற்கிறது.

எழுத்தாணி, ஜனவரி 16, இரவு 9.30

துரன்னோஸ் கிரேக்க வேர் இல்லாத சொல். ஹோமர் அதைப் பயன்படுத்தவில்லை என்பதை கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே எலிஸ் ஊர் ஹிப்பியாஸ் கவனித்து, அது அர்கிலொகஸ் காலத்தில் வந்தது என்று குறித்திருக்கிறார். அர்கிலொகஸ், கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கவிஞர். லிதிய அரசன் கூகெஸின் பொன் எனக்கு வேண்டாம், பெரிய 'துரன்னித்' (ஆட்சி) மேல் எனக்கு ஆசை இல்லை என்று ஒரு தச்சன் வாயால் சொல்ல வைக்கிறார். முதல்முறை வரும்போதே சொல் லிதியாவைச் சுட்டுகிறது. லிதியா இன்றைய மேற்குத் துருக்கி. லுவிய மொழியில் 'தர்வனி' என்ற பட்டம் உண்டு. அதோடு இணைப்பவர்கள் இருக்கிறார்கள். எபிரேய வேதாகமத்தில் பெலிஸ்தரின் ஐந்து நகரத் தலைவர்களுக்கு மட்டும் வரும் 'செரானிம்' என்ற சொல்லோடும் இணைப்பதுண்டு. தமிழ் வேதாகமத்தில் 'பெலிஸ்தரின் அதிபதிகள்' என்று படித்திருப்பீர்கள். இவை கருதுகோள்கள், ஆனால் இடமும் காலமும் ஒத்து வருகிற கருதுகோள்கள்.

'துரை'க்கு அந்த ஒத்திசைவு இல்லை. தெலுங்கில் தொர, கன்னடத்தில் தொரெ என்று அதற்கு இங்கேயே உடன்பிறப்புகள் உண்டு. வெளியே போய்த் தேடுவதற்கு முன் அந்தக் குடும்பத்தை விளக்க வேண்டும். அந்த '-ன்னோஸ்' எங்கே போயிற்று, எந்தத் துறைமுகம் வழியாக, எந்த நூற்றாண்டில் என்று மூன்றுக்கும் பதில் இருந்தால் பேசலாம்.

பொருளுக்கு வருவோம். துரன்னோஸைக் 'கொடுங்கோலன்' என்று மொழிபெயர்ப்பது கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்குச் சரி, 6ஆம் நூற்றாண்டுக்குத் தவறு. கொடுங்கோல் என்றால் வளைந்த கோல்; தீர்ப்பு சொல்லிலேயே இருக்கிறது. ஆரம்பத்தில் துரன்னோஸ் என்றால் பரம்பரை வழியோ சட்ட வழியோ இல்லாமல் ஆட்சியைப் பிடித்தவன், அவ்வளவே. நல்லவனாகவும் இருக்கலாம். ஏதென்ஸில் கி.மு. 561 வாக்கில் முதலில் ஆட்சியைப் பிடித்து, இருமுறை விரட்டப்பட்டு, 527இல் ஆட்சியிலேயே இறந்த பெய்சிஸ்த்ரதொஸைப் பற்றி, அவன் துரன்னோஸ் போல் அல்லாமல் குடிமகன் போல் ஆண்டான் என்று ஏதென்ஸ் அரசியலமைப்பு நூலில் வருகிறது. உழவர்களுக்குக் கடன் கொடுத்தான், விளைச்சலில் பத்தில் ஒன்று வரி வாங்கினான். ஹுமெத்தொஸ் மலைச்சரிவில் வெறும் கல்லைக் கொத்திக்கொண்டிருந்த ஒருவனிடம் இங்கே என்ன விளைகிறது என்று கேட்க, 'வலியும் வேதனையும்தான், அதிலும் பெய்சிஸ்த்ரதொஸ் பத்தில் ஒன்று எடுத்துக்கொள்ளட்டும்' என்றானாம், கேட்டவன் யாரென்று தெரியாமல். அந்த நிலத்துக்கு வரி நீக்கப்பட்டது.

பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் துரன்னோஸை அரசாட்சியின் கெட்டுப்போன வடிவம் என்று வகுத்த பிறகுதான், நாம் இன்று கேட்கும் பொருள் இறுகியது.

சுவடி, ஜனவரி 17, காலை 6.45

வரி இருபதில் ஒன்று என்று வரலாற்றாசிரியர் துக்கிதிதேஸில் படித்த நினைவு.

எழுத்தாணி, ஜனவரி 17, காலை 7.30

ஆமாம், அவர் இருபதில் ஒன்று என்கிறார். ஆனால் அவர் பேசுவது பெய்சிஸ்த்ரதொஸின் வீட்டார், அவன் மக்கள் காலம். மக்கள் குறைத்தார்கள் என்று சிலர் சமன்செய்கிறார்கள். பத்திலொன்று என்பது வரி என்பதற்கே பொதுச்சொல் என்று சிலர். நேற்று நான் எழுதியதை 'பத்தில் ஒன்று என்று ஒரு நூல் சொல்கிறது' என்று படித்துக்கொள்ளுங்கள்.

நாஞ்சில்வயல், ஜனவரி 17, இரவு 9.00

பசிலெயுஸ் ஊர்த்தலைவனாகவே நின்றுவிட்டானா, மேலே போனானா?

எழுத்தாணி, ஜனவரி 18, காலை 11.15

ஏதென்ஸில் கீழேதான் இருந்தான். ஆண்டுக்கு ஒருமுறை மாறும் ஒன்பது அர்கோன்களில், அதாவது ஆட்சி அதிகாரிகளில், ஒருவனுக்குப் பெயர் 'பசிலெயுஸ்'. வேலை: பழைய சடங்குகள், கோயில் வழக்கு, கொலை வழக்கு. அரசாட்சி போனபின்னும், சாமிக்குச் செய்ய வேண்டியதை அரசன் பெயரில் ஒருவன் செய்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கி.மு. 399இல் சாக்ரடிஸ் மேல் தெய்வ நிந்தை வழக்கு வந்தபோது, அவர் முதலில் போய் நின்றது இந்தப் பசிலெயுஸின் மண்டபத்துக்குத்தான்.

வெளியே கதை வேறு. பாரசீகப் பேரரசனைக் கிரேக்கர்கள் சார்புச்சொல் (ஆங்கிலத்தின் 'the' போன்றது) கூட இல்லாமல் வெறுமனே 'பசிலெயுஸ்' என்றார்கள். அலெக்சாந்தர் அந்த இடத்தைப் பிடித்தார். கி.மு. 306இல் சைப்ரஸ் சலாமிஸ் கடற்போர் வென்றதும் அந்திகொனொஸும் அவர் மகன் தெமெத்ரியொஸும் பசிலெயுஸ் பட்டம் சூட்டிக்கொள்ள, தாலமி, செலூக்கஸ் முதலியோரும் தொடர்ந்தார்கள். பிறகு கிழக்கே பயணம். 1958இல் காந்தஹாரில் கிடைத்த அசோகரின் இருமொழிக் கல்வெட்டில் அவரே 'பசிலெயுஸ் பியொதஸ்ஸேஸ்'. அரமேயப் பகுதியில் 'மல்கா'. வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாந்தரின் வெள்ளிக்காசை எடுத்தால் முகப்பில் கிரேக்கத்தில் 'பசிலெயோஸ் சோதேரொஸ் மெனந்த்ரூ', பின்புறம் கரோஷ்டியில் 'மகாராஜஸ த்ராதாரஸ மெனம்த்ரஸ'. காசைத் திருப்பினால் அகராதி. பைலோஸில் ஒன்றரைக் கிலோ வெண்கலக் கணக்கில் நின்றவனின் பெயர், அங்கே மகாராஜாவுக்கு நேர் நிற்கிறது.

திருநீற்றுப் பச்சிலைக்குத் தாவரவியல் பெயர் 'ஓசிமம் பசிலிகம்'. அந்தப் பசிலிகமும் இந்தச் சொல்தான், அரசனுக்குரியது.

பொருநைக்கரை, ஜனவரி 18, இரவு 8.20

தமிழ்நாட்டு அரசர்களைக் கிரேக்கர் என்ன சொல்லால் குறித்தார்கள்?

எழுத்தாணி, ஜனவரி 18, இரவு 10.40

பசிலெயுஸ் குடும்பச் சொல்லால்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டு நிலவியலாளர் தாலமியின் (மேலே சொன்ன அரசன் அல்ல) நிலநூலில் 'மொதூரா, பசிலெயொன் பந்தியொனொஸ்' என்று இருக்கிறது. மதுரை, பாண்டியனின் அரசிருக்கை. 'கரூரா, பசிலெயொன் கெரொபொத்ரூ', கேரளபுத்திரனின் அரசிருக்கை. 'ஒர்தூரா'வுக்கும் அப்படியே ஓர் அரசன் பெயர். அதை உறையூர் என்பார்கள். இந்த 'பசிலெயொன்' என்ற சொல் வந்தாலே, எழுதியவர் அந்த ஊரைச் சாதாரணச் சந்தையாக எண்ணவில்லை என்று கொள்ளலாம். மற்ற ஊர்களுக்கு 'எம்பொரியொன்', வணிகத்துறை, என்று தனியே குறிப்பார்.

ஒரு எச்சரிக்கை. 'பந்தியோன்' என்பது ஏதென்ஸின் புராண அரசன் ஒருவனுக்கும் பெயர். பாண்டியன் என்ற பெயர் காதில் விழுந்ததும், கிரேக்கர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த பெயரின் அச்சில் அதை வார்த்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு ஏதென்ஸில் பாண்டியர் ஆண்டார் என்று யாரேனும் எழுதினால், அது வ-ந-க வணக்கமான கதையின் மறுபக்கம்.

பொருநைக்கரை, ஜனவரி 19, காலை 7.05

தலைப்பை மாற்றலாமா என்று யோசித்தேன். கேள்விக்குறியோடு இருக்கட்டும். இதே ஐயத்தோடு தேடி வருபவர்கள் வ-ந-க-தெ வரை படிக்கட்டும். 'வனக்த்-' என்ற பகுதிக்கு மேலும் வேர் உண்டா?

எழுத்தாணி, ஜனவரி 19, காலை 8.10

ஏற்கத்தக்க இந்தோ-ஐரோப்பிய வேர் கிடைக்கவில்லை. பசிலெயுஸுக்கும் அதே நிலை. துரன்னோஸையும் சேர்த்து மூன்று சொல்லும் கிரேக்கம் பிறரிடமிருந்து எடுத்தவை என்று பலர் கருதுகிறார்கள். பெயர்களில் மட்டும் வனக்ஸ் தழைத்தது: அனக்ஸகொரஸ், அனக்ஸிமந்தர், ஹெக்டரின் குழந்தை அஸ்துவனக்ஸ். இந்தக் கடைசிப் பெயருக்கு 'நகரத்தின் தலைவன்' என்று பொருள். அஸ்து + வனக்ஸ். நான் தமிழில் எழுதியபோது அந்த வகரம் உடம்படுமெய்யாகத் தானே வந்து உட்கார்ந்தது. கிரேக்க எழுத்தில் அங்கே வகரம் இல்லை, 'அஸ்துஅனக்ஸ்' என்றுதான் இருக்கும். சான்று காட்டும்போது இந்த என் எழுத்தை எடுத்துவிடாதீர்கள்.